நாய்க்குத் தெரியாத வேலி

"இந்த வீட்டுக்கு வேலி எங்கே சாரே?" என்று கேட்டாள் ரோஸ்.

கேள்வி நியாயமானதுதான். பூஜப்புரை மேட்டில் தனியாக நின்ற அந்த வீட்டுக்கு மதில் இல்லை, முள்கம்பி இல்லை, பெயருக்கு ஒரு செம்பருத்தி வரிசைகூட இல்லை. ரோட்டோரம் இரண்டு தூண், நடுவில் ஓர் இரும்பு கேட், கேட்டுக்கு இரண்டு பக்கமும் வெறும் புல். கேட்டைத் திறக்கச் சோம்பல்படுகிறவன் பக்கத்துப் புல்லில் நடந்து உள்ளே போகலாம்.

"வேலி மண்ணுக்குள்ள இருக்காம்" என்றார் கோமதிநாயகம்.

"கொள்ளாமே! அப்போ கள்ளனும் மண்ணுக்குள்ள வழியாத்தான் வருவானா?"

கோமதிநாயகம் குனிந்து கேட்டோரப் புல்லைப் பார்த்தார். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்த அவர், அதற்கு முன் டெலிபோன் இலாகாவில் லைன் பழுது பார்த்தவர். மேலதிகாரி ஒருவரிடம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக அந்த வேலையை விட வேண்டிவந்தது. பாறசாலைக்காரியான ரோஸ் அவரிடம் டைப் அடிக்கத்தான் வந்தாள். வந்த வாரமே டைப்ரைட்டர் கெட்டுப்போனதால் துப்பறிய ஆரம்பித்தாள். டைப்ரைட்டரை இன்றுவரை அவள் சரிபண்ண விடவில்லை.

கேட்டருகில் படுத்திருந்த அல்சேஷன் நாய் எழுந்து, சோம்பல் முறித்து, ரோடு வரைக்கும் வந்து ரோஸின் செருப்பை முகர்ந்தது. வாலை ஆட்டியது. குரைக்க வேண்டுமென்ற நினைப்பே அதற்கு வரவில்லை.

"கெய்சர்! கம் ஹியர்!" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. நாய் அதைச் சட்டை செய்யாமல் ரோஸின் இரண்டாவது செருப்பையும் முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் குற்றாலலிங்கம். தென்காசிப் பக்கத்துக் குடும்பம், படித்து வளர்ந்தது திருவனந்தபுரம், சம்பாதித்தது அமெரிக்காவில். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் இருந்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்து நாலில், ஊர் திரும்பியவர். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, இடுப்பில் பெல்ட்டில் தொங்கும் ஒரு பெரிய சாவிக்கொத்து. நடக்கும்போது அது கோயில் யானையின் மணி மாதிரி முன்னறிவிப்புக் கொடுத்தது.

"இந்த ஊர்ல இப்படி ஒண்ணு என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று அவர் ஆரம்பித்தார். "அண்டர்கிரவுண்ட் டாக் ஃபென்ஸ். வீட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துல ஒரே வயர், ஒரு வளையம். அதோட ரெண்டு நுனியும் என் ரூம்ல இருக்கற பெட்டிக்கு வருது. நாய் கழுத்துல ஒரு பட்டை. வயருக்கு நாலடி கிட்டே வந்தா பட்டை முதல்ல 'கிர்'ருனு சத்தம் போடும். அப்பவும் திரும்பலேன்னா ஷாக்."

"பாவம் அல்லே?" என்றாள் ரோஸ்.

"பாவம் பார்த்தா பாடம் ஏறாது." குற்றாலலிங்கம் அவளைப் பார்த்துச் சிரித்தார். "முதல்ல வயருக்கு மேலே சின்னச் சின்னக் கொடி நட்டு வைக்கணும். கயிற்றைக் கட்டி நாமளே கோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். ஷாக் அடிக்கும்போது தடவிக் கொடுக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. சும்மா நிக்கணும். ரெண்டு வாரத்துல படிச்சிடும். அதுக்கப்புறம் கொடியை எடுத்துடலாம். பட்டையைக் கழட்டினாலும் சரி, வயர் செத்துப்போனாலும் சரி, கோட்டைத் தாண்டாது. அதான் இதோட அழகு."

அவர் அழகு என்று சொன்ன விதம் கோமதிநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கட்சிக்காரர்களைப் பிடிக்காமல் போவது அவருக்குப் புதிதல்ல.

"வேலி நல்லாத்தான் இருக்கு. உங்க பிரச்சினை என்ன?"

"யாரோ அறுக்கிறாங்க. ஒரு மாசத்துல இது மூணாவது தடவை. பெட்டியில பச்சை லைட் அணைஞ்சிருந்தா வயர் எங்கேயோ அறுந்திருக்குன்னு அர்த்தம். முன்னாடி ரெண்டு தடவையும் மண் கிளறிக் கிடந்தது, நானே கண்டுபிடிச்சு ஒட்டிட்டேன். இந்தத் தடவை ராத்திரி பெய்த துலாவர்ஷ மழையில, அதான் ஐப்பசி மழையில, எல்லா மண்ணும் ஒண்ணாயிட்டுது. எனக்கு முதுகுவலி வேற, குனிய முடியாது. என் நாயைத் திருடத்தான் எவனோ பார்க்கிறான். எங்கே அறுந்திருக்குன்னு கண்டுபிடிங்க. யார் அறுத்தான்னும் கண்டுபிடிங்க."

"நாய் கழுத்துல நீங்க சொன்ன பட்டையைக் காணோமே. சாதாத் தோல்வார்தான் இருக்கு" என்றார் கோமதிநாயகம்.

"பேட்டரி மாத்தணும். கழட்டி வெச்சிருக்கேன்."

பதில் உடனே வந்தது. கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்த பதில் என்று கோமதிநாயகம் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

வேலை ஆரம்பமானது. பெட்டி இருந்த அறையைக் குற்றாலலிங்கம் சாவி போட்டுத் திறந்தார். ஜன்னலோரம் மேஜைமேல் ஒரு சாம்பல்நிறப் பெட்டி, அதன் பக்கத்தில் கரண்ட் போனாலும் கை கொடுக்க ஒரு பேட்டரி. நாய்க்கான பெட்டியை இரும்புத் தாழ்ப்பாள் போட்ட அறையில் வைத்துப் பூட்டுவானேன் என்று ரோஸ் கேட்கத்தான் நினைத்தாள். அதற்குள் கோமதிநாயகம் அவளுடைய தோள்பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டார்.

"அய்யோ, அதுல பேட்டரி புதுசு சாரே. ரெண்டு மணிக்குச் சினிமாப் பாட்டு இருக்கு."

"இன்னைக்கு மண்ணு பாடுற பாட்டைக் கேளு."

அவர் வயரின் ஒரு நுனியைப் பெட்டியிலிருந்து கழற்றினார். அது இருந்த இடத்தில் வேறொரு கம்பியைக் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, ஈரமண்ணில் அடித்த ஆணியில் முடிந்தார். டிரான்சிஸ்டரில் ஸ்டேஷனே இல்லாத கோடிக்கு முள்ளைத் திருப்பினார். ரேடியோவைத் தரையோடு தரையாகப் பிடித்தபோது அதிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. இரண்டடி தள்ளிப் பிடித்தால் சத்தம் இல்லை.

"வயர் உயிரோட இருக்கற இடம் வரைக்கும் கத்தும். செத்த இடத்துல நிக்கும். அவ்வளவுதான் வித்தை" என்றார்.

"எங்க அம்மாவுக்கும் இதே சிஸ்டம்தான். அப்பா எங்க போய் நிக்காருன்னு அம்மா போடுத சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிருவேன்" என்றாள் ரோஸ்.

அவர் ரேடியோவோடு நடக்க, அவள் பின்னாலேயே குரோட்டன்ஸ் கிளைகளை ஒடித்து வயர் போகும் வழியில் நட்டுக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு உள்ளே நாலைந்தடி தள்ளி ஓடிய கரகரப்பு, கெய்சர் படுத்திருந்த இடத்துக்கு நேராகப் போயிற்று. நாயை நகர்த்தித்தான் கிளை நட வேண்டியிருந்தது. பிறகு கிணற்றுக்கு வெளியே, துவைகல்லுக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னால் மாமரம் வரை போய், மரத்தடியில் பட்டென்று நின்றுவிட்டது.

கோமதிநாயகம் முழங்காலிட்டு, களைக்கொத்தால் மண்ணை நிதானமாக விலக்கினார். சாண் ஆழம்கூடப் போகவில்லை. வயரின் இரண்டு நுனியும் விலகிக் கிடந்தன.

"பெருச்சாளியா சாரே?"

"பெருச்சாளி கடிச்சா நுனி பிய்ஞ்சு கிடக்கும். இது ஒரே இழுப்புல சாய்வா அறுந்திருக்கு. வளைஞ்ச கத்தி." அவர் மழை கரைத்த மண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "இதைப் பாரு. தோண்டின மண்ணு எந்தப் பக்கம் குவிஞ்சிருக்கு?"

"வீட்டுப் பக்கம்."

"ரோட்டுல இருந்து வர்ற திருடன் எங்கே உட்கார்ந்து தோண்டுவான்? வெளிப்பக்கம். மண்ணு அவன் பக்கம்தான் வரும். இங்கே எல்லாம் வீட்டுப் பக்கமா இழுபட்டிருக்கு. அதுவும் கையால இழுத்ததில்லை. பாரு, நீளமா ஒரு பள்ளம், அந்தப் பலாமரம் வரைக்கும் போகுது."

ரோஸ் அந்தப் பள்ளத்தின் வழியே கண்ணை ஓட்டினாள். பலாமரத்துக்கு அப்பால் அடுக்களைச் சுவரில் ஒரு தொரட்டி சாய்ந்து நின்றது. மாங்காய் பறிக்கிற நீண்ட மூங்கில் கம்பு, நுனியில் சிறிய அரிவாள். அந்த அரிவாள் வளைவில் செம்மண் அப்பியிருந்தது.

"ஐப்பசியில ஆரு சாரே மாங்கா பறிக்கது?"

"யாரும் பறிக்கல. வீட்டுக்குள்ள இருக்கற ஒரு ஆள், அதோ அந்தப் பலாமரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு, அவ்வளவு நீளக் கம்பால கஷ்டப்பட்டுத் தோண்டி, அறுத்திருக்கு. பக்கத்துல வந்து உட்கார்ந்து தோண்டினா ரெண்டே நிமிஷ வேலை. ஏன் எட்ட நிக்கணும்?"

ரோஸ் யோசித்தாள். "ஷாக் அடிக்குமோன்னு பயம்."

"வெறும் ஆளுக்கு அடிக்காதே. நீயும் நானும் அதைத் தாண்டித் தாண்டித்தானே நடந்தோம்? இந்த வயருக்கு நாயைத் தவிர வேற யார் பயப்படணும்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை எந்தப் புத்திசாலியும் அந்த வயரைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் கோமதிநாயகம் டெலிபோன்காரர். அறுந்த வயரைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பதிலை அப்புறம் யோசிக்கலாம், முதலில் ஒட்டிவிடுவோம் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளில் இதைவிடக் கேவலமானது வேறில்லை.

"அடுக்களையில போய் ஒரு மெழுகுவர்த்தி கேளு" என்றார்.

அடுக்களையில் குற்றாலலிங்கத்தின் மனைவி செண்பகவல்லி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கணவருக்கு மகள் என்று சொல்லலாம், அவ்வளவு வயது வித்தியாசம். புழுக்கத்தில் முகமெல்லாம் வேர்த்திருந்தும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றாக இழுத்துச் சொருகியிருந்தாள்.

"தொண்டைவலியா அக்கா?"

"ம்" என்றாள் அவள். மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீங்க பஸ்ஸுலயா வந்தீய? கேட்டு முன்னாலயே நிக்குதா? இல்ல, இன்னும் அந்த வளைவுலதான் நிக்குதா?" என்று கேட்டாள்.

"அக்கா இந்த வீட்டுலதானே இருக்கிய! போய்ப் பாத்தா தெரியாதா?"

செண்பகவல்லி அதற்குச் சிரிக்கவில்லை. மறுபடியும் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள்.

மாமரத்தடியில் வேலை ஜோராக நடந்தது. வயர் நுனிகளைப் பிளேடால் சுரண்டி, ஒரு துண்டு வயர் சேர்த்து, இறுக முறுக்கினார் கோமதிநாயகம். மேலே மெழுகை உருக்கி ஊற்றி, சைக்கிள் டியூப் ரப்பரால் சுற்றிக் கட்டினார். "பத்து மழைக்கும் அசையாது" என்று பெருமையாகச் சொன்னார். மிச்ச மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு வருவதாக ரோஸ் அடுக்களைக்குப் போனாள்.

"வாருங்க அக்கா. எங்க சார் வேட்டியெல்லாம் சேறாக்கிட்டு நிக்குதாரு, வந்து பாக்கணும். சிரிச்சா தொண்டைவலி போயிரும்."

"சேத்துட்டாகளா?" செண்பகவல்லியின் குரல் மாறியிருந்தது. "வயரைச் சேத்துட்டாகளா, இன்னும் அறுந்துதான் கெடக்கா?"

ஒட்டிய வயரைப் பெட்டியில் மாட்டினால்தானே முடிந்த கணக்கு என்று ரோஸுக்கு எண்ணம். "இல்லக்கா, இன்னும் கரண்டு குடுக்கல்ல" என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். செண்பகவல்லி எழுந்தாள். பலாமரம்வரை வந்து நின்றாள். ரோஸ் சிரித்துக்கொண்டே இன்னும் இழுத்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குளத்தில் இறங்குகிறவளைப் போல ஓரடி வைத்தாள். அடுத்த அடி வைத்தாள்.

"மாட்டலாம் சார்!" என்று கோமதிநாயகம் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

ஜன்னலில் குற்றாலலிங்கத்தின் முகம் தெரிந்தது. அவர் தோட்டத்தைப் பார்த்தார். மனைவி நடந்து வருவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பெட்டியின் பக்கம் கையை நீட்டினார்.

செண்பகவல்லியின் கழுத்திலிருந்து 'கிர்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் மாமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. ஈரமண்ணில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். ரோஸ் அவள் கையை விடாமல் கூடவே விழுந்தாள்.

"லைட் வந்தாச்சு!" என்றபடி குற்றாலலிங்கம் சாவிக்கொத்து குலுங்க இறங்கி வந்தார். "பயப்படாதீங்க, ஃபிட்ஸ். அவளுக்கு அடிக்கடி வரும்."

"இரும்பு! கையில இரும்பு குடுக்கணும்!" என்று ரோஸ் கத்தினாள். "சாரே, அந்தச் சாவிக்கொத்தை இங்க எறியுங்க!"

குற்றாலலிங்கத்தின் கை இடுப்புக்குப் போயிற்று. சாவிக்கொத்தை எடுக்கவில்லை, பொத்திக்கொண்டது. "அதெல்லாம் சூப்பர்ஸ்டிஷன்" என்று ஓரடி பின்வாங்கினார்.

கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வலிப்பு வந்த ஆளைப் பார்த்தால் இந்த ஊரில் முன்பின் தெரியாதவன்கூடத் தன் சாவியைத்தான் முதலில் தேடுவான். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கை தானாகப் போகும். கட்டிய மனைவி மண்ணில் துடிக்கும்போது இந்த மனிதர் சாவியை ஒளிக்கிறார்.

"ரோஸ்! வீட்டுப் பக்கமா இழு! வயரை விட்டுத் தள்ளி இழு!"

இரண்டு பேருமாக இழுத்தார்கள். பலாமரத்தைத் தாண்டிய உடனே வெட்டு நின்றது. எந்த ஊர் வலிப்பும் இடம் பார்த்து நிற்பதில்லை.

"அவங்க கழுத்துல இருக்கற துணியை எடு" என்றார் அவர். குரல் அவருடையதாகவே இல்லை.

ரோஸ் முந்தானையை விலக்கினாள். கறுப்புப் பட்டை. தொண்டைக்கு நேராகத் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, சதையில் அழுந்திய இரண்டு உலோக முளைகள். அவற்றைச் சுற்றிப் பழைய புண், அதன்மேல் புதிய புண். பட்டைக்குள் இரும்புச் சரடு ஓடியதால் கத்தி போகாது. பிடரியில், டிரங்குப் பெட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு பொடிப் பூட்டு தொங்கியது.

தான் பிடித்து இழுத்த கையை ரோஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நாய்க்கு வேலின்னா என்னன்னே தெரியாது" என்றார் கோமதிநாயகம். "படிச்ச நாய் பட்டை இல்லாட்டியும் கோட்டைத் தாண்டாதுன்னு நீங்களே சொன்னீங்க. அது நாங்க வந்ததும் ரோடு வரைக்கும் வந்து வாலாட்டிச்சு. வயர் மேலேயே படுத்துத் தூங்குது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

குற்றாலலிங்கம் பதறவில்லை. "இது குடும்ப விஷயம், மிஸ்டர் கோமதிநாயகம். ஒரு தடவை என்கிட்டச் சொல்லாம செங்கோட்டையில இவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. கூட்டிக்கிட்டு வந்து இதைப் போட்டேன். நான் இவளை அடிச்சது கிடையாது. கை ஓங்கினது கூடக் கிடையாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அதுதான் உண்மையும்கூட. அந்த மனிதருக்குத் தன் கையை அழுக்காக்கிக்கொள்வது பிடிக்காது. அழுக்கு வேலைக்கு அவர் வயரையும், வயருக்குக் கோமதிநாயகத்தையும் வைத்திருந்தார்.

கோமதிநாயகம் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். முதுகுவலி என்று சொன்னது பொய்யில்லை என்று அவர் போட்ட சத்தத்தில் தெரிந்தது. ரோஸ் எழுந்து வந்து பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினாள். "மன்னிக்கணும் சாரே, சூப்பர்ஸ்டிஷன்" என்றாள். சொல்லும்போது அழுதுகொண்டிருந்தாள்.

கொத்திலேயே சின்னச் சாவி பூட்டுக்குச் சேர்ந்தது. பட்டை கழன்றது. செண்பகவல்லி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே எதுவும் இல்லை என்பதை நம்பாதவளாக மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"வாங்கக்கா, போவோம். செங்கோட்டை பஸ்ஸுல நானே ஏத்தி விடுதேன்."

"தாராளமாப் போகட்டும்" என்று சிரித்தார் குற்றாலலிங்கம். "யார் தடுத்தா? கூட்டிக்கிட்டுப் போங்களேன் பார்ப்போம்."

அவர் அப்படிச் சிரித்ததன் காரணம் கேட் பக்கம் போனபோது விளங்கியது. குரோட்டன்ஸ் கிளைகள் நட்டிருந்த கோட்டுக்கு நாலடி முன்னால் செண்பகவல்லி நின்றுவிட்டாள். ரோஸ் தோளைப் பிடித்தாள்.

"இழுக்காதீய. இனிமே இழுக்காதீய."

"பட்டை இல்லக்கா. ஒண்ணும் செய்யாது."

"தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்கு." அவள் தரையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அவுக கிளப்புக்குப் போற நேரம் பாத்து மூணு தடவ அறுத்தேன். அறுத்துட்டு இங்கன வந்து நிப்பேன். கேட்டு தெறந்துதான் கெடக்கும். ரோட்டுல ஆளு போவும். அவுக திரும்பி வார வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பேன். ஒரு தடவயும் கால் வரல்ல. இன்னைக்குத்தான், நீங்க கையப் புடிச்சிருந்தீயளேன்னு ரெண்டு எட்டு வச்சேன்."

ரோஸ் கையை எடுத்துவிட்டாள்.

பின்னால் குற்றாலலிங்கம், "ரெண்டு வாரம்னு சொன்னேனே, இவ பத்து நாள்ல படிச்சிட்டா" என்றார்.

கோமதிநாயகம் திரும்பினார். போலீஸ் வரும்வரை இந்த ஆளை இங்கே நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டும், அந்த வழி தன் கையிலேயே இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றியது. அதில் நியாயம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பட்டையைக் குற்றாலலிங்கத்தின் கழுத்தில் சுற்றினார். பூட்டை அழுத்தினார். ரோஸிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி, பெட்டி இருந்த அறையை வெளியே இழுத்துப் பூட்டினார். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஹேய்! இது கிரைம்!" என்று குற்றாலலிங்கம் கத்தினார்.

"வர்ற இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லுங்க. நானும் சொல்லுறேன். ரோஸ், பக்கத்து வீட்டுல போன் இருக்கா பாரு."

ரோஸ் ஓடினாள். குற்றாலலிங்கம் பாய்ந்து வந்தார். மனைவியின் கையைப் பிடிக்கத்தான் வந்தார், ஆனால் வேகத்தில் அவளைத் தாண்டி ஓரடி போய்விட்டார். கழுத்தில் 'கிர்' என்றது. மனிதர் அந்தரத்தில் பிடித்து நிறுத்தியதைப் போல நின்றார். முகம் வெளுத்தது. ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு நகர்ந்தார்.

செண்பகவல்லி அதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கோடு கண்ணில் படாமல், கணவர் மட்டும் கண்ணில் பட, பின்னால் ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. குரோட்டன்ஸ் கிளை அவள் கணுக்காலில் உரசியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். நிற்கவில்லை. கேட் தூணில் முதுகு இடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. கோமதிநாயகம் பக்கத்தில் போய் நின்றார்.

"சாவியைக் குடுங்க" என்று அவரிடம் கை நீட்டினாள்.

கொத்திலிருந்து அந்தப் பொடிச் சாவியை மட்டும் கழற்றி அவர் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை நேராக, கோட்டைப் பார்த்தே நடந்து வந்தாள். கோட்டுக்கு வெளியே, உள்ளிருப்பவர் குனிந்து கையை நன்றாக நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சாவியைப் புல்மேல் வைத்தாள்.

"இங்கன இருக்கு. வந்து எடுத்துக்கிடுங்க."

குற்றாலலிங்கம் சாவியைப் பார்த்தார். மண்டி போட்டார். கையை நீட்டி, முழங்காலால் கொஞ்சம் முன்னால் ஊர்ந்தார். கழுத்தில் 'கிர்' என்றது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அமெரிக்காவும் இங்கிலீஷும் அவரைவிட்டுப் போயிருந்தன.

"வலிக்கும், செண்பகம்" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.